முதல் ப்ரோக் ஷூ வாங்கப் போகிறேன், உள்ளே ‘மேட் இன் இந்தியா’ என்று இருந்தால் விட்டுவிடலாமா?

பர்மிங்ஹாம்_வேலூரான்

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் புது வேலை, ஆடிட் அலுவலகம், தினமும் சூட் போடவேண்டும். இதுவரை நான் போட்டதெல்லாம் பள்ளிக்கூட ஷூ மாதிரி மொட்டையான கறுப்பு ஷூதான். இந்தத் தடவை ஓட்டை ஓட்டையாகப் பூவேலை செய்த ப்ரோக் வாங்கவேண்டும் என்று ரொம்ப ஆசை. 200 பவுண்டு வரை போகலாம். நேற்று ஒரு கடையில் இரண்டு ஜோடி போட்டுப் பார்த்தேன். ஒன்று தேன் நிறத்தில் ஃபுல் ப்ரோக், இன்னொன்று கரும்பழுப்பு செமி. இரண்டுமே நூறு வருஷத்துக்கு மேல் பழைய இங்கிலாந்துக் கம்பெனி. ஆனால் உள்ளே பார்த்தால் ‘மேட் இன் இந்தியா’. எனக்கு வேலூர். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் வருகிற ஆம்பூரில் தைத்ததை பர்மிங்ஹாமில் இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது சரியா என்று குழம்பிப்போய் வெறுங்கையோடு வந்துவிட்டேன். ஃபுல், செமி, குவாட்டர் என்கிறார்களே, அதுவும் சரியாகப் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெட்டரிங்_அண்ணை

தம்பி, நான் இந்த நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் வந்து 22 வருடமாகிறது. சுற்றிவரச் சப்பாத்துத் தொழிற்சாலைகள்தான். முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன்.

ப்ரோக் என்பது அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துச் சொல், அந்த மொழிகளில் சப்பாத்து என்றுதான் பொருள். சதுப்பு நிலத்தில் நடக்கிறவர்கள் போட்ட முரட்டுத் தோல் சப்பாத்து அது. உள்ளே போன தண்ணீர் வெளியேற ஓட்டை போட்டார்கள் என்று சொல்வார்கள். இப்போதுள்ள ஓட்டை அலங்காரம் மட்டும்தான், அடியில் இன்னொரு தோல் இருக்கும், மழைக்குப் பயப்படத் தேவையில்லை. வெகுகாலம் இது வேட்டைக்கும் வயல்வெளிக்கும் போடுகிற நாட்டுப்புறச் சப்பாத்து. 1920, 30-களில் அப்போதைய வேல்ஸ் இளவரசர், பிறகு எட்டாம் எட்வர்ட் ஆனவர், கோல்ஃப் மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போனதில் பிரபலமாகி, மெல்ல மெல்ல நகரத்துக்குள் வந்தது.

முன்பக்கத் தோல் பறவை இறக்கை மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து, மேலிருந்து பார்த்தால் டபிள்யூ எழுத்துப்போல இருந்தால் ஃபுல் ப்ரோக். அமெரிக்காவில் விங்டிப். முன்பக்கம் நேர்கோட்டில் வெட்டி, மூக்கில் பூ மாதிரி ஓட்டை வேலை இருந்தால் செமி. அந்தப் பூவின் பெயர் மெடாலியன். பூ இல்லாமல் கோட்டோரம் மட்டும் ஓட்டை இருந்தால் குவாட்டர். இறக்கை மட்டும் இருந்து ஓட்டையே இல்லாவிட்டால் அதை ஆஸ்டெரிட்டி என்பார்கள். நாக்கே இல்லாமல் நீளக் கயிறு கட்டுகிற கில்லி, ஸ்காட்லாந்துக்காரர் கில்ட்டோடு போடுவது. உமக்கு அது வேண்டாம்.

இதைவிட முக்கியம் கயிறு கட்டும் இடம். இரண்டு பக்கத் தோலும் முன்தோலுக்கு அடியில் போய் மூடிக்கொண்டிருந்தால் ஆக்ஸ்ஃபர்ட். மேலே படுத்து, கயிற்றை அவிழ்த்தால் கதவு மாதிரித் திறந்தால் டெர்பி. ப்ரோக் இரண்டிலும் வரும். அலுவலகத்துக்குக் கரும்பழுப்பு ஆக்ஸ்ஃபர்ட் செமிதான் என் தேர்வு. தேன் நிற ஃபுல் ப்ரோக் அழகுதான், ஆனால் தணிக்கை வேலையின் முதல் மாதத்துக்கு அது கொஞ்சம் சத்தமான சப்பாத்து.

ஆம்பூர்_அப்பர்

வேலூர் தம்பிக்கு வணக்கம். நான் ஆம்பூரில் ஒரு ஃபேக்டரியில் 11 வருஷம் அப்பர், அதாவது சோலுக்கு மேலே உள்ள தோல் பகுதி, தைக்கும் செக்‌ஷனில் இருந்தவன். கடைசி நாலு வருஷம் ப்ரோக் லைன் முழுக்க என் பொறுப்பு. இப்போது வேறு வேலை. ஆனாலும் தெருவில் யாராவது ப்ரோக் போட்டுக்கொண்டு நடந்தால் என் கண் முதலில் அவர் மூக்குப் பூவைத்தான் பார்க்கும், ரெண்டு காலிலும் நடுவில் நிற்கிறதா என்று.

கட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் பாய் ஒரு தோலை விரித்ததும் கையால் தடவிப் பார்ப்பார். மாட்டின் முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. மூக்குக்கும் முன்பக்கத்துக்கும் முதுகுத் தோல்தான் வேண்டும். நாக்கு மாதிரி மறைவான துண்டுக்குத் தளர்ந்த இடம் போதும். முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, நரம்போட்டம் எல்லாவற்றையும் சுற்றி அச்சை வைத்து வெட்டவேண்டும். அதோடு ஒரு ஜோடியின் இடது வலது ரெண்டையும் பக்கத்துப் பக்கத்து இடத்தில் எடுத்தால்தான் நிறமும் ரேகையும் ஒத்துப்போகும். மொட்டை ஷூவுக்குச் சில பெரிய துண்டுகள் போதும், ப்ரோக்குக்குத் துண்டு அதிகம், ஓரம் அதிகம், தையல் அதிகம். மூக்குத் துண்டில் ஒரு தழும்பை விட்டுவிட்டால் பாலிஷ் போட்டதும் அதுதான் முதலில் தெரியும்.

அப்புறம் ஓரத்தைச் சீவி மெலிசாக்குவது. சீவுவது சரியில்லை என்றால் தோல்மேல் தோல் ஏறும் இடம் தடித்துக் காலைக் கடிக்கும். அதன்பிறகு ஓரத்தைப் பல் பல்லாக வெட்டுவோம், கிம்பிங். அடுத்துதான் பஞ்சிங். ஒரு பெரிய ஓட்டை, ரெண்டு சின்ன ஓட்டை, மறுபடி ஒரு பெரியது என்று வரிசையாக வரும். வளைவில் அந்தக் கணக்கு கெடாமல் வந்து சேரவேண்டும். ரெண்டு முனையிலிருந்தும் வரும் வரிசை நடுவில் சந்திக்கும் இடத்தில் அரை ஓட்டை மிஞ்சினால் அந்தத் துண்டு வீண். ஓட்டைக்குக் கீழே மெலிசாக ஒரு தோல் வைத்து, ஓட்டை வரிசைக்கு ரெண்டு பக்கமும் தையல் ஓடும். ஊசி ஓட்டைக்குள் இறங்கினால் தோல் கிழிந்தது, திரும்பப் பிரித்தாலும் பழைய ஊசித்துளை போகாது. துணியாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம், தோலில் முதல் தடவைதான் கடைசித் தடவை.

நான் சொல்லவருவது இதுதான். ஓட்டை வேலை ஷூவின் குறையை மறைக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கிடையவே கிடையாது. லாஸ்ட்டின் மேல், அதாவது கால் வடிவக் கட்டையின் மேல், அப்பரை இழுத்து மாட்டும்போது ஒரு நூல் அளவு கோணினாலும் மொட்டை ஷூவில் யாருக்கும் தெரியாது. ப்ரோக்கில் பூ ஒரு பக்கம் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ப்ரோக் தைத்த கை எந்த ஊர்க் கையாக இருந்தாலும் அது நல்ல கைதான். இந்தியா என்று முத்திரை இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது தம்பி.

பர்மிங்ஹாம்_வேலூரான்

அண்ணா, மன்னிக்கவேண்டும், அப்படி நினைத்து எழுதவில்லை. விலைதான் பயமுறுத்தியது. இன்றைக்கு மறுபடி அந்தக் கடைக்குப் போய்ப் பூவை மட்டும் உற்றுப் பார்த்தேன். கரும்பழுப்பு செமியில் ரெண்டு காலிலும் நடுவில்தான் நிற்கிறது.

நார்தாம்ப்டன்_மட்டும்

உணர்ச்சியை விட்டுவிட்டுப் பேசலாம். 1873-இல் தொடங்கிய சர்ச்சஸ், 1879-இல் தொடங்கிய க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ், 1829-லிருந்து இருக்கும் ட்ரிக்கர்ஸ், இவர்கள் எல்லாம் இன்றும் நார்தாம்ப்டனில்தான் செய்கிறார்கள். ஒரு ஜோடி முடிய வாரக்கணக்கில் ஆகும், கட்டையின் மேலேயே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும், அதனால் வடிவம் கலையாது. இங்கிலாந்துப் பெயரை ஒட்டி வேறு நாட்டில் செய்ததை அதே பெருமையோடு விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் காசு சேர்த்து ஒரே தடவை சர்ச்சஸ் செட்விண்ட் மாதிரி ஒரு ஃபுல் ப்ரோக் வாங்குங்கள், 20 வருஷம் வரும்.

கெட்டரிங்_அண்ணை

20 வருடம் வரும் என்பது சரி. ஆனால் 200 பவுண்டு வைத்திருக்கிற பிள்ளைக்கு அதைச் சொல்லி என்ன பயன்? இன்னொன்று, இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. 1880-இல் தொடங்கிய எங்களூர் லோக், தங்கள் 1880 வரிசையைக் கெட்டரிங்கில் செய்கிறது, விலை குறைந்த வரிசைகளில் இந்தியாவில் செய்வது உண்டு. கிரென்சனும் ஜி டூ என்ற வரிசையை இந்தியாவில்தான் செய்தது. வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றார்கள். விலை வேறுபாடு கையில் இல்லை, பெரும்பாலும் கூலியிலும் தோலிலும் எடுத்துக்கொள்ளும் நேரத்திலும் இருக்கிறது.

ஆம்பூர்_அப்பர்

அண்ணன் சொன்னது சரி. ஆர்டர் கொடுக்கிறவர் எந்தத் தோல் கேட்கிறாரோ அதைத்தான் நாங்கள் வெட்டுவோம். ஒரே லைனில் காலையில் ஃபிரான்ஸிலிருந்து வந்த கன்றுத்தோல் ஓடும், மதியம் மேலே தேய்த்துப் பூச்சு போட்ட மலிவுத் தோல் ஓடும். தைக்கிறவர்கள் அதே ஆட்கள்.

இந்தச் சம்பந்தம் நேற்று வந்ததும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் மெட்ராஸிலிருந்து லண்டனுக்குக் கப்பலில் போனது. ஈஸ்ட் இந்தியா தோல் என்றே அதற்குப் பேர். ரொம்ப வருஷம் பாதி பதனிட்ட தோலாகவே அனுப்பிக்கொண்டிருந்தோம், லாபம் எல்லாம் அங்கேதான். 1970-களில் அரசாங்கம் பாதிப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்பிறகுதான் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை முழுக்கப் பதனிட்ட தோலுக்கும், அப்புறம் அப்பருக்கும், அப்புறம் முழு ஷூவுக்கும் வந்தது. எங்கள் அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்தார், நான் ஷூ தைத்தேன்.

பாலாறு_கரை

அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே, தோல் ஷாப்புத் தண்ணீர் பாலாற்றில் கலந்து எங்கள் கிணறெல்லாம் உப்பாகிப் போனது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. ஷூ அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. வாங்குகிறவர்கள் தோல் எங்கே, எப்படிப் பதனிட்டது என்று கடையில் ஒரு கேள்வி கேட்டாலே போதும், கேட்கக் கேட்கத்தான் அங்கேயும் மாறும்.

ஆம்பூர்_அப்பர்

உண்மை. எங்கள் வீட்டுக் கிணறும் போனதுதான்.

ராலே_சிவா

அமெரிக்காவிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே ஃபுல் ப்ரோக்கின் பெரியண்ணன் ஒன்று உண்டு, லாங்விங். இறக்கை பாதியில் நிற்காமல் பக்கவாட்டில் ஓடிப்போய்க் குதிகாலில் சந்திக்கும். பெரும்பாலும் டெர்பி, சோல் இரட்டைக் கனம். பழைய ஃப்ளோர்ஷைம் இம்பீரியல் லாங்விங்கை இங்கே செல்லமாகப் பீரங்கிப் படகு என்பார்கள், அவ்வளவு கனம். மாசசூசெட்ஸில் 1884-லிருந்து இருக்கும் ஆல்டன் இன்றும் ஷெல் கார்டொவனில் லாங்விங் செய்கிறது. அது மாட்டுத்தோல் கிடையாது, குதிரையின் பின்பக்கத்திலிருந்து எடுப்பது. சிகாகோவில் ஹார்வீன் என்ற கம்பெனி அதைப் பதனிட ஆறு மாதமாவது எடுத்துக்கொள்கிறது. மாட்டுத்தோல் மாதிரிச் சுருக்கம் விழாது, அலை அலையாக மடியும். என்னிடம் இருப்பது பழைய பொருள் விற்கும் இடத்தில் வாங்கிய ஒரே ஒரு ஜோடி. ஒன்பது வருஷமாக ரெண்டு தடவை சோல் மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், மேல்தோல் இன்னும் புதுசுபோலத்தான்.

சோல் மாற்றுவது பற்றி யாராவது விளக்குங்களேன், வேலூர்த் தம்பிக்கு அதுதான் முக்கியம்.

குத்தூசி

நான் லண்டனில் ஷூ ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன், இது என் பாடம்.

அப்பரையும் சோலையும் இணைப்பதில்தான் ஷூவின் ஆயுள். வெறும் பசை என்றால் சோல் தேய்ந்தால் முடிந்தது. பிளேக் தையல் என்றால் உள்ளே கால் மிதிக்கும் அட்டையிலிருந்து வெளிச்சோல் வரை நேராக ஒரே தையல். லைமன் பிளேக் என்ற அமெரிக்கர் 1858-இல் அதற்கு மெஷின் கண்டுபிடித்தார். மெலிசாக, வளைந்துகொடுத்து நன்றாக இருக்கும், ஆனால் மழைத்தண்ணீர் தையல் வழியாக உள்ளே ஏறும். குட்இயர் வெல்ட் என்றால் அப்பரைச் சுற்றி ஒரு தோல் பட்டையை முதலில் தைத்து, உள்ளே உள்ள குழியில் கார்க் நிரப்பி, வெளிச்சோலை அந்தப் பட்டையோடு மட்டும் தைப்பார்கள். ரப்பரைப் பக்குவப்படுத்திய சார்லஸ் குட்இயரின் மகன் 1870-களில் கொண்டுவந்த மெஷின் அது. சோல் தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் அறுத்துப் புதுசு போடலாம், அப்பரைத் தொடவே வேண்டாம். கார்க் போகப்போக உங்கள் பாதத்துக்கு ஏற்ப அழுந்தும், அதனால்தான் முதல் வாரம் கட்டை மாதிரி இருந்த ஷூ மூன்றாம் மாதம் சொந்த ஷூ ஆகிறது.

கையாலேயே வெல்ட் தைப்பவர்களும் இருக்கிறார்கள். குத்தூசியால் துளைத்து, மெழுகு பூசிய நூலில். ஒரு ஜோடிக்கு ஒரு நாள் போய்விடும். அதை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் விலையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

கவனிக்கவேண்டியது: போலி வெல்ட். தையல் போட்டதுபோல வார்த்த ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டிவிடுவார்கள். என்னிடம் வாரத்துக்கு ஒன்றாவது வரும், சோலை எடுத்தால் அடியில் வெறும் பசை. ஓட்டையிலும் போலி உண்டு, துளைக்காமல் சும்மா அழுத்திக் குழிபோட்டிருப்பார்கள். பல்குச்சி நுனியை வைத்துப் பாருங்கள், அடித்தோல்வரை இறங்கினால் உண்மையான ஓட்டை.

தாம்பரம்_ரயில்

நான் அந்தப் போலி வெல்ட்டில் மாட்டியவன். இணையத்தில் ஒரு கடையில் குட்இயர் வெல்ட் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கி, ஏழாம் மாதம் சோல் வாய் பிளந்தது. ரிப்பேர்க்காரர் பிரித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. அதற்கப்புறம் சென்னையிலேயே பிரிட்லென் என்று நல்ல வெல்ட் ஷூ செய்கிறவர்கள் இருப்பது தெரிந்து அங்கே ஒரு செமி ப்ரோக் வாங்கினேன். இங்கே செய்து இங்கேயே நம் பேரில் விற்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஊருக்கு வரும்போது பாருங்கள்.

நார்தாம்ப்டன்_மட்டும்

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் சொந்த ஜோடி ஒன்று, நார்தாம்ப்டனில் செய்ததுதான், பளபளவென்று பூச்சுப்போட்ட தோல். ரெண்டே வருஷத்தில் மடியும் இடத்தில் பூச்சு வெடித்துவிட்டது. குத்தூசியிடம் கேட்கிறேன், அதற்கு வழி உண்டா?

குத்தூசி

இல்லை. மேலே தேய்த்துப் பூச்சுப்போட்ட தோல் வெடித்தால் க்ரீம் உள்ளே போகாது. மழைக்கு நல்லது, பாலிஷ் வேலை குறைவு, ஆனால் வயதானால் அழகு வராது. இயற்கை மேற்பரப்பு உள்ள தோலில் உற்றுப் பார்த்தால் மயிர்த்துளை தெரியும், அழுத்தினால் மெல்லிசாகச் சுருங்கி மறையும். பூச்சுத் தோலில் கண்ணாடிபோல ஒன்றுமே தெரியாது, மடித்தால் ரெண்டு பெரிய மடிப்பு விழும்.

கெட்டரிங்_அண்ணை

தம்பி, வாங்கும் இடம். ஒரு சனிக்கிழமை புறப்பட்டு இந்தப் பக்கம் வாரும். நார்தாம்ப்டனில் க்ராக்கெட், ட்ரிக்கர்ஸ், கெட்டரிங்கில் லோக், டெஸ்பரோவில் ஜோசஃப் சீனி, ஏர்ல்ஸ் பார்ட்டனில் பார்க்கர், எல்லோருக்கும் தொழிற்சாலைக் கடை உண்டு. செகண்ட்ஸ் என்று கேளும். தோலில் ஒரு கீறல், நிறத்தில் சின்ன வேறுபாடு, அவ்வளவுதான் குறை, விலை நன்றாக இறங்கும். வந்த கையோடு நார்தாம்ப்டன் அருங்காட்சியகத்தில் சப்பாத்துத் தொகுப்பையும் பார்த்துவிடும், ஒரு நகரமே ஒரு தொழிலை எப்படி நேசித்தது என்று அங்கே தெரியும்.

பழையது வாங்குவதென்றால் மடிப்பில் வெடிப்பு இருந்தால் தொடவேண்டாம். சோலும் குதியும் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். உள் அட்டையில் முன்பு போட்டவரின் பாதம் ஆழமாகப் பதிந்திருந்தால் அது உமது பாதத்துக்கு ஒருபோதும் மாறாது.

அளவு: இங்கிலாந்து அளவு அமெரிக்க அளவைவிட ஏறக்குறைய ஒன்று குறைவு. எண்ணோடு அகலத்துக்கு ஒரு எழுத்தும் உண்டு. க்ராக்கெட்டில் சாதாரண அகலம் இ, லோக்கில் எஃப். நம்மவர்களுக்கு முன்பாதம் விரிந்தது, சிறுவயதில் வெறுங்காலோடு ஓடிய கால்கள், எண்ணைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டச் சொல்லும். எண்ணைக் கூட்டினால் குதி கழன்று கழன்று வரும். பின்னேரம் போய்ப் போட்டுப் பாரும், கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

ராலே_சிவா

நனைந்தால் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் வைத்துத் தோல் சோல் குறுக்காக வெடித்தது. காகிதம் திணித்துப் படுக்கவைத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். ப்ரோக்குக்கு மட்டும் இன்னொரு வேலை: ஓட்டைக்குள் பாலிஷ் அடைத்து வெள்ளையாகக் காயும், பழைய பல்துலக்கியால் மாதம் ஒருமுறை தட்டி எடுக்கவேண்டும்.

பர்மிங்ஹாம்_வேலூரான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணை சொன்னபடி கெட்டரிங், டெஸ்பரோ ரெண்டும் போனேன். தொழிற்சாலைக் கடையில் என் அகலத்துக்கு செகண்ட்ஸில் ஃபுல் ப்ரோக் மட்டும்தான் இருந்தது, கறுப்பு, பூச்சுத் தோல். கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், மயிர்த்துளை தேடினேன், இல்லை. திரும்பி வந்து பர்மிங்ஹாம் கடையிலேயே அந்தக் கரும்பழுப்பு செமியை எடுத்தேன், ‘மேட் இன் இந்தியா’ உள்ளதுதான். கன்றுத்தோல், வெல்ட் உண்மையானது, பல்குச்சி வைத்து ஓட்டையும் பார்த்தேன், கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார். தோல் எங்கே பதனிட்டது என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை, கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன்.

ஆம்பூர் அண்ணா, நாக்குக்கு உள்பக்கம் சின்னதாக எண்கள் அச்சடித்திருக்கிறது, ரெண்டு வரி. அதற்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு சின்ன டிக். அது என்ன?

ஆம்பூர்_அப்பர்

முதல் வரி சைஸும் அகலமும், ரெண்டாவது வரி ஆர்டர் நம்பராக இருக்கும் தம்பி. எங்கள் செக்‌ஷனில் பேனா டிக் என்றால் செக்கிங்கில் இருக்கும் பொண்ணு ரெண்டு அப்பரையும் பக்கத்தில் வைத்துப் பூவைப் பார்த்து ஓகே பண்ணியது. முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே தினம் ஒரு மணி நேரம் போடு, அப்புறம் ஆபீசுக்குப் போடு.